கொடி முதலா, குடியரசு முதலா? நியூசிலாந்தில் என் வாக்கு

நியூசிலாந்தின் கொடியை மாற்றலாமா என்று 2016 மார்ச்சில் கேட்டார்கள். பழைய கொடியே இருக்கட்டும் என்று வாக்களித்தேன். இந்த நாடு குடியரசாக வேண்டுமா என்று நாளைக்குக் கேட்டால், ஆக வேண்டும் என்றுதான் வாக்களிப்பேன். இது முரண் இல்லையா என்று ஆக்லாந்தில் உள்ள தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூலையில் பிரிட்டனின் கொடியான யூனியன் ஜாக்கை வைத்துக்கொண்டு, இங்கேயும் அரசத்தலைவராக இருக்கிற பிரிட்டிஷ் மன்னரை மட்டும் அனுப்பிவைப்பதா என்கிறார்கள். என் கணக்கில் முரண் இல்லை. இரண்டில் எது முதலில் என்பதற்கு எனக்குத் தெளிவான பதில் உண்டு. குடியரசு முதலில், அதுவும் ஒரு நிபந்தனையோடு. கொடி பிறகு வரட்டும்.

வழிகள் மொத்தம் நான்கு. எதையும் தொடாமல் விடுவது ஒன்று. இப்போது நடப்பது அதுதான், செலவில்லை, சண்டையில்லை. அதைப் பற்றி மேலே சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரேயடியாக மாற்றுவது இன்னொன்று. அது வெல்லாது. புதுக் கொடி பிடிக்காதவர்களும் குடியரசு பிடிக்காதவர்களும் ஒன்றுசேர்ந்து இரண்டையும் தோற்கடித்துவிடுவார்கள். மிஞ்சுவது இரண்டு வழிகள்: மன்னரை வைத்துக்கொண்டு கொடியை மாற்றுவது, அல்லது கொடியை வைத்துக்கொண்டு மன்னரை மாற்றுவது.

கொடிக்காரர்களின் நியாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆஸ்திரேலியக் கொடிக்கும் எங்கள் கொடிக்கும் வித்தியாசம் சொல்ல நட்சத்திரங்களை எண்ண வேண்டியிருக்கிறது. இங்கே நான்கு சிவப்பு, அங்கே ஆறு வெள்ளை. மூலையில் இருப்பது வேறொரு நாட்டின் கொடி. 1902-இல் அதிகாரபூர்வமான இந்தக் கொடியில், இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

அதை மாற்ற நடந்த முயற்சியையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரதமர் ஜான் கீ 2014-இல் அறிவித்தார். பன்னிரண்டு பேர் கொண்ட குழு அமைந்தது. மக்களிடமிருந்து 10,292 வடிவங்கள் வந்தன. அவற்றை 40 ஆக்கி, பிறகு நான்காக்கினார்கள். அந்த நான்கும் பிடிக்காமல் இணையத்தில் எழுந்த குரலால் ‘ரெட் பீக்’ என்ற ஐந்தாவது வடிவம் கடைசி நேரத்தில் உள்ளே வந்தது. 2015 நவம்பர், டிசம்பரில் முதல் வாக்கெடுப்பு. தபாலில் வந்த தாளில் ஐந்து கொடிகள். பிடித்த வரிசையில் இலக்கமிட வேண்டும். ஓராண்டு இங்கே வாழ்ந்த நிரந்தர வதிவிடக்காரர்களுக்கும் வாக்குரிமை உள்ள நாடு இது. ஆகவே இன்னும் குடியுரிமை எடுக்காத என் அம்மாவுக்கும் ஒரு தாள் வந்தது. சாப்பாட்டு மேசையில் எல்லோருடைய தாளும் விரிந்து கிடந்தது. மகளுக்குப் பன்ன இலைக் கொடிதான் வேண்டும். அவள் நெட்பால் ஆடுகிறவள், தேசிய அணியின் பெயரே சில்வர் ஃபெர்ன்ஸ், அதாவது வெள்ளிப் பன்னங்கள். அம்மா ஐந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருக்கிற கொடிக்கு என்ன குறை பிள்ளை?” என்று கேட்டார். நான் ரெட் பீக்குக்கு 1 போட்டேன்.

கைல் லாக்வுட் வரைந்த கறுப்பு, வெள்ளை, நீலப் பன்ன இலைக் கொடி வென்றது. அதே ஆளின் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடியை அது கடைசிச் சுற்றில் தாண்டியது மயிரிழையில்தான். பிறகு 2016 மார்ச்சில் அதற்கும் பழைய கொடிக்கும் நேருக்கு நேர் போட்டி. பழையது 56.7 வீதம், புதியது 43.3 வீதம். வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 68 வீதம். இதற்கெல்லாம் ஒதுக்கிய பணம் சுமார் 2 கோடி 60 லட்சம் நியூசிலாந்து டாலர்.

தோற்றதற்கு வடிவம் காரணம், கீ மீதான கோபம் காரணம், படைவீரர் சங்கத்தின் எதிர்ப்புக் காரணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு வேறொன்று பட்டது. கீ முடியாட்சியை ஆதரிப்பவர். 2000-இல் நிறுத்தப்பட்ட சர், டேம் பட்டங்களை 2009-இல் திரும்பக் கொண்டுவந்தது அவருடைய அரசுதான். கொடி மாற்றத்துக்கும் குடியரசுக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொன்னார். சம்பந்தமில்லை என்றால் எதற்காக மாற்றுகிறோம்? நாட்டின் அமைப்பில் ஒரு எழுத்துக்கூட மாறாது, மேலே பறக்கிற துணி மட்டும் மாறும் என்றால், அதை அழகுப் போட்டியாகப் பார்த்து மக்கள் மதிப்பெண் போட்டதில் வியப்பில்லை. என் மகள், “ஏன் அப்பா பழசுக்குப் போட்டனீங்கள்?” என்று கேட்டபோது நான் சொன்னதும் இதுதான். புதுக் கொடி எதையாவது அறிவிக்க வேண்டும். 2016-இல் அறிவிக்க ஒன்றுமிருக்கவில்லை.

இந்த நாட்டில் கொடிக்கு அப்படி ஒரு வரலாறு உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1834 மார்ச் 20 அன்று வைதாங்கியில் 25 மாவோரித் தலைவர்கள் கூடினார்கள். இங்கே கட்டிய கப்பலொன்று தனக்கென்று கொடி இல்லாமல் போனதால் சிட்னியில் தடுத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சிக்கல் தீர ஒரு கொடி தேவைப்பட்டது. முன்வைத்தவை மூன்று வடிவங்கள். தலைவர்கள் வாக்களித்தார்கள்: 12, 10, 3. பிரிட்டிஷ் முடியோடு, அதாவது அரசோடு, மாவோரித் தலைவர்கள் வைதாங்கி ஒப்பந்தம் செய்வதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே இந்த மண்ணில் கொடிக்கு வாக்கெடுப்பு நடந்திருக்கிறது! ஒப்பந்தம் வந்த சில ஆண்டுகளில், கொரொராரெகா என்ற ஊரின் குன்றில் நின்ற பிரிட்டிஷ் கொடிக் கம்பத்தை மாவோரித் தலைவர் ஹோனே ஹெகேயும் அவருடைய ஆட்களும் நான்கு முறை வெட்டிச் சாய்த்தார்கள். நான்காவது முறை, 1845 மார்ச்சில், போரே மூண்டது. 1834-இலும் 1845-இலும் கொடியோடு சேர்ந்து அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி இருந்தது. 2016-இல் அந்தக் கேள்வியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொடியை மட்டும் நீட்டினார்கள்.

கொடியை முதலில் மாற்றினால் குடியரசு தன்னால் பின்னே வரும் என்று நம்பிய குடியரசுக்காரர்களும் அன்று இருந்தார்கள். உலகம் அப்படிக் காட்டவில்லை. கனடா 1965 பெப்ரவரி 15 அன்று மேப்பிள் இலைக் கொடியை ஏற்றியது. அன்றைய பிரதமர் லெஸ்டர் பியர்சன் அதைப் பொதுவாக்கெடுப்புக்கு விடாமல், மாதக்கணக்கில் நீண்ட சண்டைக்குப் பிறகு பாராளுமன்றத்தில் 163-க்கு 78 என்று நிறைவேற்றினார். அருமையான கொடி, உலகமே அடையாளம் காண்கிறது. ஆனால் ஆறு தசாப்தமாகியும் கனடாவின் அரசத்தலைவர் லண்டனில்தான் இருக்கிறார்.

மறுபக்கம் பிஜி. அது 1987-இல், ராணுவப் புரட்சிக்குப் பிறகு, குடியரசானது. யூனியன் ஜாக் உள்ள கொடி அப்படியே இருந்தது. 2015-இல் பிரதமர் பைனிமராமா அதை மாற்றப்போவதாக அறிவித்தார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் செவன்ஸ் ரக்பி அணி தங்கம் வென்றதும், அந்தக் கொடியை அசைத்துக் கொண்டாடிய மக்களைப் பார்த்துத் திட்டத்தைக் கைவிட்டார். துவாலு 1995-இல் யூனியன் ஜாக்கை எடுத்து, 1997-இல் திரும்பப் போட்டது. பார்பேடோஸ் 2021 நவம்பர் 30 அன்று குடியரசானபோது கொடியைத் தொடவே தேவையிருக்கவில்லை. 1966-இல் சுதந்திரத்தோடு வந்த அதன் கொடியில், பழைய ஆட்சியின் திரிசூலம் அடி முறிந்த நிலையில் ஏற்கெனவே இருந்தது. மொரிஷியஸும் 1992-இல் நாலு வண்ணக் கொடியோடு அப்படியே குடியரசானது. முடியின் பிரதிநிதியாக, கவர்னர் ஜெனரலாக இருந்த தமிழ் வம்சாவளியினர் வீராசாமி ரிங்காடு அதன் முதல் ஜனாதிபதி. ஆகவே கொடி குடியரசை இழுத்து வராது, குடியரசும் கொடியை இழுத்து வராது. ஒவ்வொன்றையும் அதனதன் பெறுமதிக்காகத்தான் எடுக்க வேண்டும்.

அப்படி எடுத்தால் எனக்குக் குடியரசின் பக்கம் கனமாகத் தெரிகிறது. இந்த நாட்டின் மிக உயர்ந்த பதவிக்கு இங்கே பிறந்த எந்தக் குழந்தையும் வர முடியாது. அது ஒரு குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. குடியுரிமை எடுத்த அன்று நான் இரண்டாம் எலிசபெத்துக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். எனக்கு அடைக்கலம் தந்த நாட்டுக்கும் மக்களுக்கும் அதே சத்தியத்தைச் செய்திருந்தால் இன்னும் நிறைவாக இருந்திருக்கும். நடைமுறையில் அரசத்தலைவரின் வேலையைச் செய்பவர்கள் இந்த மண்ணின் ஆட்கள்தான். பிஜி இந்தியப் பெற்றோருக்கு ஆக்லாந்தில் பிறந்த ஆனந்த் சத்தியானந்த் 2006 முதல் 2011 வரை கவர்னர் ஜெனரலாக இருந்தார். 2021-இல் டேம் சிண்டி கிரோ அந்தப் பதவிக்கு வந்த முதல் மாவோரிப் பெண் ஆனார். அவர்களைச் சொந்தப் பெயரில் அரசத்தலைவர் என்று அழைக்க என்ன தடை?

சட்டத் தடை பெரிதாக இல்லை. ஆஸ்திரேலியாவில் அரசியலமைப்பை மாற்ற நாடு முழுவதும் பெரும்பான்மையும் ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மையும் வேண்டும். கனடாவில் எல்லா மாகாணங்களும் ஒப்ப வேண்டும். இங்கே ஒரே ஆவணமாக எழுதிய அரசியலமைப்பு இல்லை. 1986-இன் அரசியலமைப்புச் சட்டத்தில் மன்னரைப் பற்றிய பிரிவுகளைப் பாராளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே திருத்தலாம். பொதுவாக்கெடுப்பு இல்லாமல் அப்படிச் செய்ய எந்த அரசும் துணியாது, துணியவும் கூடாது. பசுமைக் கட்சி உறுப்பினர் கீத் லாக் கொண்டுவந்த மசோதா அந்த வாக்கெடுப்பைத்தான் கேட்டது. 2010 ஏப்ரலில் முதல் வாசிப்பிலேயே 53-க்கு 68 என்று அது தோற்றது. அதன்பிறகு, பிரதமராக இருந்தபோது ஜசிந்தா ஆர்டர்ன், தன் வாழ்நாளில் இந்த நாடு குடியரசாகும் என்று சொன்னார். ஆனால் தன் ஆட்சியில் அதற்கு முயலப்போவதில்லை என்றும் சொன்னார்.

அரசத்தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ஆஸ்திரேலியா 1999-இல் இடறியது. ஜனாதிபதியைப் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு தேர்ந்தெடுக்கும், பிரதமர் நினைத்தால் ஒரு கையெழுத்தில் உடனே நீக்கலாம், பிறகு 30 நாளுக்குள் கீழ்ச்சபையின் ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. சபை ஒப்பாவிட்டாலும் நீக்கப்பட்டவர் திரும்ப வர முடியாது. 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதமர் விட்லமை நீக்கிய வடு ஆறாத நாட்டில், இந்த ஏற்பாடு பலரை உறுத்தியது. நேரடித் தேர்தல் வேண்டும் என்ற குடியரசுக்காரர்கள் சிலரே, இது அரசியல்வாதிகளின் குடியரசு என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தார்கள். 45-க்கு 55 என்று தோற்றது. எனக்குப் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் போதும். அயர்லாந்தில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்து, அதிகாரம் குறைந்த ஜனாதிபதியோடு நன்றாகவே நடத்துகிறார்கள். அதற்கும் நான் எதிரியில்லை. நேரடித் தேர்தல் உள்ள எந்த நாட்டிலும் அமைதியாக வாழ்ந்து பார்த்த அனுபவம் எனக்கில்லை, அதனால் இதில் என் சாய்வு பலமானதல்ல.

என் சாய்வு பலமாக இருப்பது அந்த நிபந்தனையில். வைதாங்கி ஒப்பந்தம் புதிய குடியரசில் என்ன ஆகும்? எனக்கு மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான்.

1840 பெப்ரவரி 6 அன்று தொடங்கி, 500-க்கும் மேற்பட்ட மாவோரித் தலைவர்கள் விக்டோரியா அரசியின் பெயரிலான ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். அவர்களுடைய நிலத்தையும் உரிமையையும் காப்பதாக முடி வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு எப்படியெல்லாம் மீறப்பட்டது என்பது இந்த நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற வரலாறு. 1860-களின் போருக்குப் பிறகு வைகாட்டோ வட்டாரத்தில் மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் பறிமுதலானது. 1975-இல், ஒப்பந்த மீறல்களை விசாரிக்க வைதாங்கி தீர்ப்பாயம் வந்தது. 1995 நவம்பரில் இரண்டாம் எலிசபெத் வெலிங்டனுக்கு வந்து, வைகாட்டோ-தைனுயி மக்களிடம் முடி மன்னிப்புக் கேட்கும் சட்டத்தில் தன் கையாலேயே கையெழுத்திட்டார். பக்கத்தில் நின்றவர் மாவோரி அரசி டேம் தே அதாய்ராங்கிகாஹு. 17 கோடி டாலர் பெறுமதியான நிலமும் பணமும் அந்தத் தீர்வில் இருந்தன. பறித்ததன் மதிப்போடு பார்த்தால் அது மிகச் சிறியது. ஆனாலும் வாக்குக் கொடுத்த அதே முடி வந்து தலைகுனிந்தது என்பதற்கு அந்த மக்களிடம் ஒரு தனி எடை இருக்கிறது.

என்னோடு வேலை செய்த வைகாட்டோக்காரர் ஒருவரிடம் குடியரசைப் பற்றிப் பேசியபோது, முகத்தில் அடித்தாற்போலக் கேட்டார்: “எங்களோடு ஒப்பந்தம் செய்தவர்களை நீங்கள் அனுப்பிவிட்டால், நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?” அவருக்கு மன்னர் மீது பக்தி கிடையாது. ஒப்பந்தத்தின் மறுகரையில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. மாவோரிகள் எல்லோரும் இப்படி நினைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்; குடியரசை வரவேற்கிற மாவோரிகளும் உண்டு, எனக்குப் பழக்கமானவர்கள் சிலரே. ஆனால் அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள என்னால் முடியாது. ஏனென்றால் நான் இலங்கைத் தமிழன்.

1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. கவர்னர் ஜெனரலாக இருந்த வில்லியம் கோபல்லாவ அப்படியே முதல் ஜனாதிபதி ஆனார். சிங்கக் கொடியும் ஏறக்குறைய அதே. மூலைகளில் இருந்த கூர்நுனிகள் அரச மர இலைகளாயின, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பெயர்ப்பலகை மாறியது போலத்தான் தெரிந்திருக்கும். உள்ளே, அதுவரை இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு காணாமல் போயிருந்தது. ஓர் இனத்தையோ மதத்தையோ மட்டும் பாதிக்கும்படி பாராளுமன்றம் சட்டம் இயற்றக்கூடாது என்று தடுத்த பிரிவு அது. அது இருந்த இடத்தில், சிங்களம் அரசகரும மொழி என்பதும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பதும் அரசியலமைப்பிலேயே ஏறின. அடிப்படை உரிமைகள் என்று ஒரு பகுதி இருந்தது. அதைக் கட்டுப்படுத்தவும் தாராளமாக வழி வைத்திருந்தார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய அரசியலமைப்பைத் திருத்திப் புதியதற்குப் போகவில்லை. பாராளுமன்றத்துக்கு வெளியே, நவரங்கஹலவில், அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். பழைய சட்டத்தோடு உள்ள தொடர்ச்சியை வேண்டுமென்றே அறுத்து, பிரிட்டிஷ் வேர் இல்லாத அரசியலமைப்பு என்று பெருமைப்பட்டார்கள். தொடர்ச்சியை அறுத்தபோது பழைய கட்டுப்பாடுகளும் அறுந்தன. தமிழரசுக் கட்சி இடையிலேயே சபையை விட்டு வெளியேறியது. அதன் நிறுவனர் செல்வநாயகம் தன் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார்.

கோடீஸ்வரன் வழக்கை இளையவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசாங்க எழுதுவினைஞர் அவர். தனிச் சிங்களச் சட்டமே 29(2)-க்கு முரண் என்று வழக்குப் போட்டார், கீழ் நீதிமன்றத்தில் வென்றார். உச்ச நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்குப் போட முடியாது என்று தள்ளியது. 1969 டிசம்பரில், அன்று இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், போடலாம் என்று சொல்லி, சட்டம் செல்லுமா என்ற கேள்வியை முடிவுசெய்யும்படி வழக்கைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பு வரவே இல்லை. பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி 1971-இல் மூடியது, 1972-இல் அந்தப் பிரிவே மறைந்தது. முடியாட்சி எங்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. 29(2) இருந்தபோதே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள், பிரிவி கவுன்சில் அந்தச் சட்டத்தை 1953-இல் செல்லும் என்றது. ஓட்டை விழுந்த காப்புத்தான். ஆனால் வழக்குப் போட ஒரு பிடி இருந்தது, குடியரசு வந்த அன்று அந்தப் பிடி போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதும்போது, இன்ன கிணற்றில் பங்கு, இன்ன ஒழுங்கையால் வழிவாய்க்கால் பாத்தியதை என்று ஒவ்வொன்றாக எழுதிவிடுவார்கள். பக்கத்துக் காணிக்காரர் அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் எழுதுவார்கள். காணி கைமாறும்போது அந்த வரி உறுதியில் விட்டுப்போனால், வாங்கியவர் நல்லவராக இருக்கிறவரை தண்ணீர் அள்ளலாம். அவருடைய பேரன் காலத்தில் மதில் எழும்பிவிடும். நாடு மன்னர் கையிலிருந்து மக்கள் கைக்கு மாறுவதும் அப்படியொரு கைமாற்றம் என்றுதான் நான் பார்க்கிறேன். மாவோரிகளின் பாத்தியதை புதிய உறுதியில் வரிவரியாக எழுதியிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான பதில் உண்டு. முடி என்று இப்போது சொல்வது லண்டன் அரண்மனையை அல்ல, நியூசிலாந்து அரசைத்தான். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பிடியிலிருந்து விடுவிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை 1947-இல் ஏற்றதிலிருந்து அந்த முடி தனி முடி. கனடாவின் பூர்வகுடிகள் 1982-இல் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனபோதும், உங்களுக்கான கடமை கனடாவின் முடிக்குத்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே அரசின் பெயர் மாறினாலும் கடமை வாரிசு அரசுக்குத் தன்னால் போகும் என்கிறார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். தன்னால் போகும் என்பதை நம்பி எழுதாமல் விடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. 2024 நவம்பரில் ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைச் சட்டத்தால் மாற்றி வரையறுக்க ஆக்ட் கட்சித் தலைவர் டேவிட் சீமோர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்து வடமுனையிலிருந்து வெலிங்டன் வரை பேரணி வந்தது. பாராளுமன்றத்தின் முன் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். மசோதாவை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவுக்கு 3 லட்சத்துக்கும் மேல் எழுத்துக் கருத்துகள் குவிந்தன. 2025 ஏப்ரலில் மசோதா 11-க்கு 112 என்று தோற்றது. தோற்றதில் எனக்கு நிம்மதி. ஆனால் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற ஒரு பாராளுமன்றத்தில், அந்த எண்கள் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று யாரும் பிணை நிற்க முடியாது.

ஆகவே என் நிபந்தனை இதுதான். குடியரசுச் சட்டம் 1986-இன் சட்டத்தைத் திருத்துவதாக, தொடர்ச்சி அறாமல் வர வேண்டும். 1840-இல் முடி ஏற்ற கடமைகளும், தீர்ப்பாயத்தின் வழி வந்த ஒவ்வொரு தீர்வும், இன்னும் முடியாத கோரிக்கைகளும் புதிய அரசை அப்படியே கட்டும் என்று அதில் எழுத வேண்டும். அந்தப் பிரிவை மாற்றப் பாராளுமன்றத்தில் 75 வீதமாவது வேண்டும். தேர்தல் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளுக்கு இப்போதே அப்படியொரு பூட்டு உண்டு. அங்கே அதற்குப் பதிலாகப் பொதுவாக்கெடுப்பும் செல்லும். ஒப்பந்த விடயத்தில் அந்த மாற்று வழி எனக்குச் சம்மதமில்லை. பெரும்பான்மையின் வாக்கு சிறுபான்மையின் உரிமைக்குப் பூட்டாகாது. எழுதும் மேசையில் மாவோரிப் பிரதிநிதிகள் முதலிலிருந்தே இருக்க வேண்டும். இந்தப் பிரிவு இல்லாத குடியரசுக்கு வாக்குக் கேட்டு வந்தால், மன்னர் சார்ல்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் வாக்களிப்பேன்.

தென்னாப்பிரிக்காவை நினைத்தால் வரிசை இன்னும் தெளிவாகிறது. அது 1961-இலேயே குடியரசாகிவிட்டது. 1960-இல் நடந்த வாக்கெடுப்பில் வெள்ளையர் மட்டும் வாக்களித்து, 52 வீதத்தில் அந்த முடிவை எடுத்தார்கள். 1928-இன் கொடியும், அதன் நடுவில் சின்னதாக இருந்த யூனியன் ஜாக்கும் அப்படியே தொடர்ந்தன. மன்னர் போனார், அநீதி இருந்தது. 1994 ஏப்ரல் 27 அன்று எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தலோடுதான் புதுக் கொடி ஏறியது. அதை வரையக் கிடைத்த காலம் மிகக் குறைவு, தற்காலிகக் கொடி என்றே ஏற்றினார்கள். மக்கள் அதை ஒரேயடியாகத் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள். அறிவிக்க ஒரு சேதி இருந்தது. நியூசிலாந்தின் புதுக் கொடியும் அப்படி ஒரு சேதியோடு ஏற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அன்றைக்கு என் மகளின் பன்ன இலைக்கே வாக்களிக்கவும் எனக்குத் தயக்கமில்லை.

எப்படிக் கேட்பது என்பதற்கு இந்த நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. தேர்தல் முறையை மாற்றியபோது, 1992-இல் ஒரே தாளில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: மாற்றம் வேண்டுமா, வேண்டுமென்றால் நான்கில் எந்த முறை? ஏறக்குறைய 85 வீதம் மாற்றம் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு, வென்ற முறையையும் பழைய முறையையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள்; 54 வீதத்தில் புதியது வென்றது. குடியரசுக்கும் அதே வழி பொருந்தும். முதல் தாளில், குடியரசு வேண்டுமா, வேண்டுமென்றால் அரசத்தலைவரைப் பாராளுமன்றம் தேர்ந்தெடுப்பதா மக்கள் தேர்ந்தெடுப்பதா என்று கேட்கலாம். இரண்டாவது வாக்கெடுப்பு, எழுதி முடித்த முழுச் சட்டத்தின் மீது நடக்க வேண்டும், வாக்காளர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அதன் பிரதி தபாலில் வர வேண்டும். ஒப்பந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, என்ன சொல்கிறது, எத்தனை வீதப் பூட்டுப் போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் நான் வாக்களிப்பேன்.